வெளியிலிருந்து ஆதரவு – எங்க வீட்டுக் குழுவில் ஒரு ஞாயிறு

கவின்: பெரியப்பா, 1996ல பல கட்சிகள் சேர்ந்து அமைச்ச ஐக்கிய முன்னணி அரசு பத்தி மெயின்ஸ் தேர்வுக்கு பதில் எழுதிட்டிருக்கேன். "மக்களவையில் 272 பேர் ஆதரவு இருந்தால்தான் அரசு நீடிக்கும்"னு ஆரம்பிச்சிருக்கேன். சரியா?

பெரியப்பா: முதல் வரியே தப்புடா. 272ங்கிறது 543ல பாதிக்கு மேல, அவ்வளவுதான். சபையில எண்ணுறது வந்திருந்து ஓட்டுப் போட்டவங்களை மட்டும். 1993 ஜூலை 28 அன்னிக்கு நரசிம்ம ராவ் அரசு மேல வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 251க்கு 265ன்னு தோத்துது. 265 வச்சே அரசு தப்பிச்சுது.

செல்வம் சித்தப்பா: அந்த 265ல சிலது லஞ்சம் கொடுத்து வாங்கினதுன்னு கோர்ட்டு வரைக்கும் போச்சு. அது தனிப் பாடம் 😀

கவின்: அப்போ எதிர்க்காம வெளிநடப்பு பண்ணாலே உதவிதானா?

பெரியப்பா: பாதி உதவி. 540 பேர் ஓட்டுப் போட்டா 271 வேணும். 40 பேர் எழுந்து போயிட்டா மிச்சம் 500, அதுக்கு 251 போதும். ஆக 40 பேர் போனா தேவை 20தான் குறையும். அதே 40 பேர் உனக்குப் போட்டா முழுசா 40.

ராஜி அத்தை: இப்ப 1996க்கு வா. பாஜக 161, காங்கிரஸ் 140. வாஜ்பாய் 13 நாள் இருந்துட்டு மே 28 ராஜினாமா. ஜூன் 1 தேவ கவுடா பதவியேற்பு. ஜனதா தளம் 46, மார்க்சிஸ்ட் 32, தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்) 20, திமுக 17, சமாஜ்வாதி 17, தெலுங்கு தேசம் 16, சிபிஐ (இந்திய கம்யூனிஸ்ட்) 12. இதுவே 160. மத்த சின்னக் கட்சிகளைச் சேர்த்தாலும் 200க்குள்ளதான். காங்கிரஸோட 140 இல்லாம ஒரு நாள்கூட ஓடாது.

செல்வம் சித்தப்பா: அந்த 140ல தமிழ்நாட்டுலேர்ந்து ஒண்ணுகூட இல்ல. 39ல தமாகா 20, திமுக 17, சிபிஐ 2. முடிஞ்சுது.

கவின்: மார்க்சிஸ்ட், காங்கிரஸ் ரெண்டு பேருமே வெளியிலிருந்து ஆதரவு, அதாவது மந்திரிசபையில சேராம ஆதரவுன்னு ஒரே வரியில போட்டுட்டேன்.

ராஜி அத்தை: பிரிச்சு எழுது, மார்க் அங்கதான் இருக்கு. மார்க்சிஸ்ட் மந்திரிசபைக்கு வரலையே தவிர, முன்னணியோட வழிநடத்தும் குழுவுல உக்காந்திருந்தாங்க. அமைப்பாளர் சந்திரபாபு நாயுடு. குறைந்தபட்ச பொதுச் செயல்திட்டத்துலயும் அவங்க கை உண்டு. காங்கிரஸ் அந்தக் குழுவுலயே இல்ல. மனத்தாங்கல் வந்தா பேசித் தீர்க்க உள்ள ஒரு மேசை கிடையாது. மிச்சம் இருக்கிறது ஒரே வழி, குடியரசுத் தலைவருக்குக் கடிதம். என்னைக் கேட்டா அந்த அரசு விழுந்ததுக்குக் காரணம் எண்ணிக்கை இல்ல, இந்த அமைப்புதான்.

அம்மா: சாயங்காலம் மோட்டார் போடறவங்க 6 மணிக்குள்ள போட்டுருங்க. கரண்ட் போகுமாம்.

பெரியப்பா: சரிம்மா. கவின், மந்திரிகள் பக்கம் என்ன எழுதியிருக்க?

கவின்: சிதம்பரம் நிதி, முலாயம் சிங் பாதுகாப்பு, குஜ்ரால் வெளியுறவு, இந்திரஜித் குப்தா உள்துறை, பாஸ்வான் ரயில்வே. திமுகவுக்கு மாறன் தொழில், டி.ஜி.வெங்கட்ராமன் தரைவழிப் போக்குவரத்து.

பெரியப்பா: குப்தாதான் முதல் கம்யூனிஸ்ட் உள்துறை மந்திரி, அதைச் சேர். இணையமைச்சர்ல டி.ஆர்.பாலு பெட்ரோலியம், என்.வி.என்.சோமு பாதுகாப்பு. மந்திரிகள் எண்ணிக்கை மக்களவையில 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுங்கிற உச்சவரம்பை இங்க கொண்டு வராதே. அது 91ஆவது திருத்தம், 2003. 1996ல அந்தத் தடை இல்லாததாலதான் 13 கட்சிக்குப் பங்கு போட முடிஞ்சுது. தேவ கவுடா பதவியேத்தப்போ எம்.பி.யே இல்ல. அரசியலமைப்புப் பிரிவு 75(5) எம்.பி. ஆக 6 மாசம் தருது, அதுக்குள்ள மாநிலங்களவைக்கு வந்துட்டார்.

கவின்: ஆதரவு வாபஸ்னா உடனே ஆட்சி போயிடுமா?

ராஜி அத்தை: போகாது. காங்கிரஸ் தலைவர் கேசரி ஆதரவு வாபஸ்னு கடிதம் கொடுத்தது 1997 மார்ச் 30. குடியரசுத் தலைவர் சபையில பலத்தை நிரூபிக்கச் சொன்னார். ஏப்ரல் 11 ஓட்டெடுப்பு, ஆதரவு 158, எதிர்ப்பு 292. அதுக்கப்புறம்தான் ராஜினாமா.

செல்வம் சித்தப்பா: நடுவுல பட்ஜெட் மாட்டிக்கிச்சு பாரு, அதுதான் சுவாரசியம். பிப்ரவரி 28 சிதம்பரம் போட்டது. வருமான வரி 15, 30, 40 இருந்ததை 10, 20, 30ன்னு குறைச்சார். நிதி மசோதா நிறைவேறினாத்தான் அது சட்டம். சுங்கம், கலால்ல ஏத்தின வரியை மட்டும் அப்போ இருந்த 1931ஆம் வருஷத்து தற்காலிக வசூல் சட்டத்தை வச்சு அன்னைக்கே வசூலிக்க முடிஞ்சுது. அதுக்குக் கெடு 75 நாள். எண்ணிப் பாரு, மே 14. அதுக்குள்ள மசோதா நிறைவேறலைன்னா வாங்கின கூடுதல் வரியைத் திருப்பிக் கொடுக்கணும்.

கவின்: அப்போ யார் நிறைவேத்தினது?

செல்வம் சித்தப்பா: குஜ்ரால் ஏப்ரல் 21 பிரதமரானார். தன் தலைவர் மூப்பனாருக்குப் பிரதமர் வாய்ப்பு போன வருத்தத்துல தமாகா முதல்ல மந்திரிசபையில சேரல. குஜ்ராலே நிதித் துறையை வச்சிருந்தார். மே 1 சிதம்பரம் திரும்ப வந்தார், அந்த மாசமே மசோதாவை முடிச்சாங்க.

ராஜி அத்தை: 1997 அக்டோபரையும் விட்டுடாதே. உ.பி.யில குடியரசுத் தலைவர் ஆட்சின்னு மந்திரிசபை பரிந்துரை பண்ணுச்சு, கே.ஆர்.நாராயணன் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். பிரிவு 74(1)படி மறுபடி அனுப்பினா அவர் ஏத்துக்கிட்டே ஆகணும். அனுப்பலையே! சிறுபான்மை அரசோட தெம்பு எவ்வளவுன்னு அந்த ஒரு இடத்துல தெரியும்.

கவின்: கடைசியில ராஜீவ் காந்தி கொலையை விசாரிச்ச ஜெயின் கமிஷன்.

பெரியப்பா:  நவம்பர் 20ஆம் தேதி, திமுக மேல குத்தம் சொன்ன இடைக்கால அறிக்கை சபைக்கு வந்துது. திமுக மந்திரிகளை நீக்குன்னு காங்கிரஸ். சட்டப்படி ஒரு மந்திரியை நீக்க பிரதமர் குடியரசுத் தலைவருக்குச் சொன்னா போதும். கூட்டணியில முடியாது. திமுகவை வெளிய அனுப்பினா 17 போறது மட்டுமில்ல, மத்த கட்சி ஒவ்வொண்ணும் "நாளைக்கு நம்ம மந்திரியா"ன்னு யோசிக்கும். குஜ்ரால் மறுத்தார். நவம்பர் 28 காங்கிரஸ் வாபஸ், அன்னைக்கே ராஜினாமா. இந்தத் தடவை ஓட்டெடுப்புக்கே போகல.

கவின்: டிசம்பர் 4 சபை கலைப்பு. அத்தோட முடிச்சுடலாமா?

ராஜி அத்தை: முடிக்காதே. சபை கலைஞ்சாலும் மந்திரிசபை காபந்து அரசா தொடரும், பெரிய கொள்கை முடிவு மட்டும் எடுக்காது. 1998 மார்ச் 19 வாஜ்பாய் வர்ற வரைக்கும் அதே குஜ்ரால்தான். அண்ணே, மாறன் எப்ப வரைக்கும் தொழில்துறையில இருந்தார்னு நீங்களே சொல்லுங்க.

பெரியப்பா: அதே மார்ச் 19.

கவின்: நீக்கச் சொன்ன மந்திரி இன்னும் நாலு மாசம் கிட்ட இருந்திருக்காரா!

அம்மா: மோட்டார்!