ஃபீட்டில் படம் வரவில்லை, அவசரம்

குடியாத்தம் பையன் (வியாழன், காலை 9:12)
அண்ணன்மார்களே, மாமாவின் கைலிக் கடை வெப்சைட்டில் ஃபீட் (சோஷியல் மீடியாவில் போடுகிற பதிவு தானாக வந்து விழுகிற பகுதி) ஓடவில்லை. நேற்று வரைக்கும் நன்றாக இருந்தது. நான் எதையும் தொடவில்லை. கெங்கையம்மன் சிரசுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. திருவிழாவுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் முன்கூட்டியே சைட்டில் டிசைன் பார்த்துவிட்டுத்தான் கடைக்கு வருவார்கள். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

காட்பாடி ஜங்ஷன் (காலை 9:30)
எந்த ஃபீட்? இன்ஸ்டாகிராமா, ஃபேஸ்புக்கா, யூடியூபா? சைட் கட்டியது வேர்ட்பிரஸிலா? ஓடவில்லை என்றால் மொத்தமாகவே காணோமா, பழைய பதிவோடு நின்றுவிட்டதா, இல்லை எரர் வருகிறதா? இது தெரியாமல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது தம்பி.

ராணிப்பேட்டை நைட் ஷிப்ட் (காலை 9:41)
இன்ஸ்டாவாக இருந்தால் டோக்கன்தான், அதாவது பதிவை எடுக்க இன்ஸ்டா உங்கள் சைட்டுக்குக் கொடுக்கிற அனுமதிச் சீட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதன் ஆயுள் 60 நாள். அதற்குள் புதுப்பிக்காவிட்டால் செத்துவிடும். அதோடு பெர்சனல் அக்கவுண்ட்டுக்கு இருந்த பழைய வழியை 2024 டிசம்பர் 4-ஆம் தேதியே மூடிவிட்டார்கள். பிசினஸ் அல்லது கிரியேட்டர் அக்கவுண்ட்டாக மாற்றி மறுபடி கனெக்ட் பண்ணுங்கள். வேலை முடிந்தது.

வாலாஜா வெப்மாஸ்டர் (காலை 10:05)
இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒரு முறை வருகிறது. மேலே தேடுபெட்டி என்று ஒன்று இருப்பது யாருக்கும் தெரியாது போல. சைட் கட்டுவது கோலம் போடுவது மாதிரி என்று நினைத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். சைட்டை ஓட்டுகிற பிஎச்பி மொழி எந்த வெர்ஷன்? 7.4 என்றால் அதற்கு ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. முதலில் அதை மாற்றிவிட்டு வாருங்கள், பேசலாம்.

குடியாத்தம் பையன் (காலை 11:20)
மன்னிக்கவும், கடையில் ஆள் வந்துவிட்டார்கள். இன்ஸ்டாதான். வேர்ட்பிரஸ். ஷேர்டு ஹோஸ்டிங் (பல சைட்டுக்கும் ஒரே சர்வர்), அதை நிர்வகிக்க சிபேனல். பிஎச்பி 8.1. அக்கவுண்ட் போன வருடமே பிசினஸாக மாற்றியாகிவிட்டது. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், என் போனில் எல்லாப் படமும் வருகிறது. கஸ்டமருக்குத்தான் வரவில்லை. அவர்களுக்கு சாம்பல் நிறத்தில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, கீழே எழுத்து மட்டும் சரியாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ஆம்பூரிலிருந்து ஒருவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, "இந்த சாம்பல் கட்டம் போட்டது என்ன விலை, ரெண்டு டஜன் கிடைக்குமா" என்று கேட்டார். மாமா அரை மணி நேரம் ஸ்டாக்கில் தேடினார்.

காட்பாடி ஜங்ஷன் (காலை 11:28)
செவ்வாய்க்கிழமையே ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கிறது, நேற்று வரை நன்றாக இருந்தது என்கிறீர்களே! சரி, விடுங்கள். உங்கள் போனில் அட்மினாக லாகின் ஆகியிருக்கிறீர்களா? லாகின் இல்லாத வேறு ஒரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். அப்புறம், இடையில் எப்போதாவது தானாகச் சரியானதுண்டா?

ராணிப்பேட்டை நைட் ஷிப்ட் (காலை 11:35)
எதற்கும் டோக்கனையும் ஒரு முறை புதுப்பித்துவிடுங்கள்.

காட்பாடி ஜங்ஷன் (காலை 11:37)
டோக்கன் செத்திருந்தால் தம்பியின் போனில் மட்டும் எல்லாப் படமும் எப்படி வரும் சார்? கஸ்டமருக்கும் எழுத்து வருகிறது, படம் மட்டும் இல்லை. கதவைத் திறந்து உள்ளே விட்டுவிட்டார்கள், இலையில்தான் சோறு விழவில்லை.

பேர்ணாம்பட்டு பெரியவர் (பகல் 12:10)
டெக்னிக்கல் எனக்குத் தெரியாது. ஒரு விஷயம் மட்டும் கேட்கிறேன். தம்பி சைட்டைப் பார்த்தேன். மேலே பெரிதாக "லுங்கி" என்று போட்டிருக்கிறீர்கள், கீழே "கைலி" என்று இருக்கிறது. நம்ம பக்கம் கைலிதானே? குடியாத்தத்துக்காரரே லுங்கி என்று எழுதினால் எப்படி?

வாலாஜா வெப்மாஸ்டர் (பகல் 12:16)
இதை விட பக்கத்தின் அடியில் இருக்கிற அந்த ஃபுட்டரைப் பாருங்கள். "குடியாத்தம், வ.ஆ. மாவட்டம்" என்று இருக்கிறது. வடஆற்காட்டை 1989-லேயே பிரித்தாகிவிட்டது ஐயா. அதற்கப்புறம் 2019-ல் வேலூரையும் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். அந்த டெம்ப்ளேட்டை யார் எழுதினார்களோ.

குடியாத்தம் பையன் (பகல் 12:40)
அது மாமாவின் பழைய லெட்டர்பேடில் இருந்தது, அப்படியே எடுத்துப் போட்டேன். மாற்றினால் கோபித்துக்கொள்வார்.

நெல்லை நூல்கடை (பகல் 1:02)
எங்கள் ஊரில் இரண்டும் கிடையாது, சாரம். சாரம் என்று கேட்டால்தான் கடைக்காரர் எடுத்துப் போடுவார்.

பேர்ணாம்பட்டு பெரியவர் (பகல் 1:15)
அது உங்கள் ஊர் வழக்கம், தப்பில்லை. இங்கே இரண்டு முனையையும் சேர்த்து மூட்டினால் கைலி, மூட்டாமல் மடித்து விற்றால் லுங்கி. என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

ராணிப்பேட்டை நைட் ஷிப்ட் (பகல் 1:21)
அதெல்லாம் இல்லை பெரியவரே. மூட்டிய கைலி, மூட்டாத கைலி என்றே சொல்வார்கள். மூட்டாதது கைலி இல்லையென்றால் "மூட்டாத கைலி" என்ற பேச்சே எப்படி வந்தது?

குடியாத்தம் பையன் (பகல் 2:48)
அத்தை பையன் லேப்டாப்பில் பார்த்துவிட்டேன். லாகின் இல்லாமல் பார்த்தால் சாம்பல் கட்டம்தான். லாகின் ஆனால் படம் வருகிறது. இடையில் இரண்டு தடவை இப்படி ஆகி, நான் கேச் (சைட் சேமித்து வைத்திருக்கிற பக்கத்தின் பிரதி) க்ளியர் கொடுத்ததும் சரியானது. கடைசியாகக் கொடுத்தது போன சனிக்கிழமை. இரண்டு மூன்று நாள் ஓடுகிறது, திரும்ப இதே கதை.

காட்பாடி ஜங்ஷன் (பகல் 2:55)
இதைக் காலையிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு நேரம் ஆகியிருக்காது. இரண்டு வேலை செய்யுங்கள். அந்த லேப்டாப்பில் சாம்பல் கட்டத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, படத்தைப் புது டேபில் திறங்கள். என்ன எழுத்து வருகிறது என்று பாருங்கள். அப்புறம் மேலே படத்தின் முகவரி வாலாக நீண்டு இருக்கும். அதில் "ஓ, இ" என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் சமக்குறியும் எங்கே வருகிறது என்று பார்த்து, அதற்கடுத்த எட்டு எழுத்தை மட்டும் இங்கே போடுங்கள்.

வாலாஜா வெப்மாஸ்டர் (பகல் 3:01)
இதற்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? ஷேர்டு ஹோஸ்டிங்கே குப்பை. விபிஎஸ், அதாவது தனக்கென்று ஒதுக்கிய சர்வர், வாங்கச் சொல்லுங்கள்.

காட்பாடி ஜங்ஷன் (பகல் 3:04)
கைலிக் கடைக்கு விபிஎஸ் எதற்கு சார்? மின்விசிறி ஓடவில்லை என்றால் வீட்டையே மாற்றச் சொல்வீர்களா?

குடியாத்தம் பையன் (பகல் 3:33)
"யூஆர்எல் சிக்னேச்சர் எக்ஸ்பயர்ட்" என்று வந்தது. எட்டு எழுத்து: 68196420. எல்லாமே நம்பர்தான்.

காட்பாடி ஜங்ஷன் (பகல் 3:50)
மாட்டிக்கொண்டது. அந்த எட்டும் ஒரு தேதி, பதினாறு அடிமான எண்ணில் எழுதியது. சாதாரண எண்ணாக்கினால் 1746494496. 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய விநாடிக் கணக்கு அது. நம் நேரத்தில் 2025 மே 6, காலை 6 மணி 51 நிமிடம். முந்தாநாள் செவ்வாய்க்கிழமை. ஆம்பூர்க்காரர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிய அதே நாள்.

இன்ஸ்டாகிராம் கொடுக்கிற படத்தின் முகவரி நிரந்தரமானது இல்லை, சில நாளில் காலாவதியாகிவிடும். சனிக்கிழமை நீங்கள் கேச் க்ளியர் செய்ததும் புது முகவரிகளோடு பக்கம் உருவாகி, அப்படியே கேச்சில் உட்கார்ந்துவிட்டது. செவ்வாய் காலை முகவரிகள் செத்தன. கேச் மட்டும் அதே பழைய பக்கத்தை வருகிறவர்களுக்கெல்லாம் நீட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் லாகின் ஆகியிருப்பதால் அந்தப் பொதுக் கேச் உங்களுக்கு வருவதில்லை, ஒவ்வொரு முறையும் புதுப் பக்கம், புது முகவரி. கேச் ப்ளக்இன்னில் (கேச்சுக்காக வேர்ட்பிரஸில் சேர்த்த துணை மென்பொருள்) பக்கத்தின் ஆயுள் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

எனக்கு இன்னொன்று புரியவில்லை. உங்கள் ஃபீட் ப்ளக்இன் வழக்கமாகப் படத்தை உங்கள் சர்வரிலேயே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுமே. அப்படி இருந்தால் இந்தத் தொல்லையே வராது. நிஜமாகவே எதையும் தொடவில்லையா?

பேர்ணாம்பட்டு பெரியவர் (மாலை 4:10)
நைட் ஷிப்ட் தம்பி, நீங்கள் சொல்வது கடைக்காரர் பேச்சு. நெய்கிறவரைக் கேட்டுப் பாருங்கள்.

குடியாத்தம் பையன் (மாலை 4:25)
கேச்சில் 604800 என்று இருக்கிறது.

தொடவில்லை என்று சொன்னேன். தமிழ்ப் புத்தாண்டு வாக்கில் ஹோஸ்டிங்காரரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. ஃபைல் எண்ணிக்கை இரண்டு லட்சத்தை நெருங்குகிறது, குறைக்காவிட்டால் சைட்டை நிறுத்திவிடுவோம் என்று. பயந்துபோய் ஃபீட் ப்ளக்இன்னில் "படங்களைச் சேமி" என்பதை ஆஃப் செய்துவிட்டு, அந்த ஃபோல்டரையும் அழித்தேன். இடம்தானே என்று நினைத்தேன். அதுவா?

காட்பாடி ஜங்ஷன் (மாலை 4:31)
அதுவேதான். 604800 விநாடி என்றால் சரியாக 7 நாள். படத்தின் முகவரி அதற்கு முன்பே செத்துவிடுகிறது.

வாலாஜா வெப்மாஸ்டர் (மாலை 4:40)
எதையும் தொடவில்லை என்கிறவர்கள்தான் எப்போதும் ஃபோல்டரை அழித்திருப்பார்கள். சரி, ஒன்று கேட்கிறேன். அந்த ஃபோல்டரில் எத்தனை படம் இருந்திருக்கும்? நானூறு, ஐந்நூறு? இரண்டு லட்சம் ஃபைல் எங்கிருந்து வந்தது? சிபேனலில் டீஃபால்ட் அட்ரஸ் என்று ஒரு இடம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். உங்கள் டொமைனுக்கு இல்லாத பெயரில் வருகிற மெயிலையெல்லாம் ஒரே பெட்டியில் கொட்டும்படி வைத்திருப்பீர்கள். ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒவ்வொரு மெயிலும் ஒரு தனி ஃபைல். அளவு பத்து கேபி இருந்தாலும் எண்ணிக்கையில் ஒன்று ஒன்றுதான்.

காட்பாடி ஜங்ஷன் (மாலை 4:46)
வெப்மாஸ்டர் சார், இது அருமையான பிடி. எனக்குத் தோன்றவே இல்லை.

வாலாஜா வெப்மாஸ்டர் (மாலை 4:47)
தோன்றாது.

காட்பாடி ஜங்ஷன் (மாலை 4:58)
தம்பி, இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் டீஃபால்ட் அட்ரஸில், இல்லாத பெயருக்கு வருகிற மெயிலைத் திருப்பி அனுப்பும்படி மாற்றுங்கள். அடுத்து ஈமெயில் டிஸ்க் யூசேஜ் என்ற இடத்தில் போய், மாமாவின் ஆர்டர் மெயில் எதுவும் அந்தப் பெட்டியில் கலந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழையதை அழியுங்கள். பார்க்காமல் மொத்தமாக அழித்துவிடாதீர்கள், ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் போயிருக்கிறது. எண்ணிக்கை இறங்கியதும் "படங்களைச் சேமி"யை ஆன் செய்து, லாகின் ஆன நிலையில் பக்கத்தை ஒரு தடவை திறந்து, பிரதி எடுத்து முடிக்க விடுங்கள். அதற்கப்புறம்தான் கேச் க்ளியர். முன்னாலேயே செய்தால் பழைய கதைதான். முகப்புப் பக்கத்தின் கேச் ஆயுளை 86400, அதாவது ஒரு நாளாகக் குறைத்துவிடுங்கள்.

ராணிப்பேட்டை நைட் ஷிப்ட் (மாலை 5:15)
60 நாள் டோக்கன் தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அதைச் செய்கிற வேர்ட்பிரஸ் கிரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டுவது) யாராவது சைட்டுக்கு வந்தால்தான் ஓடும். கூட்டம் இல்லாத சைட்டில் அது தூங்கிவிடும். நான் சொன்னது இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு நாள் நடக்கும்.

நெல்லை நூல்கடை (மாலை 5:40)
சைட்டில் லுங்கி என்று இருப்பதுதான் நல்லது. கூகுளில் யாரும் கைலி என்று தேடமாட்டார்கள்.

பேர்ணாம்பட்டு பெரியவர் (மாலை 5:52)
நான் தேடுவேன்.

காட்பாடி ஜங்ஷன் (வெள்ளி, இரவு 8:20)
தம்பி, என்ன ஆச்சு?

குடியாத்தம் பையன் (ஞாயிறு, காலை 7:05)
படம் வந்துவிட்டது. அந்தப் பெட்டியில் 1,31,000 மெயில் இருந்தது, எல்லாம் லோன், லாட்டரி. நடுவில் மாமாவுக்கு வந்த நிஜ ஆர்டர் இரண்டு, ஒன்று போன தீபாவளிக்கு வந்தது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

கைலியா லுங்கியா என்று கேட்டேன். பில்லில் லுங்கி, வாயில் கைலி, இதில் என்ன சண்டை என்றார். ஆம்பூர்க்காரர் மறுபடி போன் செய்திருக்கிறார். சாம்பல் கட்டத்தில் தறியில் ஒரு பாவு போட்டுப் பார்க்கலாமா என்று மாமா யோசிக்கிறார். கடை திறக்கணும், எல்லோருக்கும் நன்றி.

காட்பாடி ஜங்ஷன் (ஞாயிறு, காலை 7:30)
நல்லது. கேச் ஆயுளைக் குறைத்தீர்களா?

காட்பாடி ஜங்ஷன் (செவ்வாய், காலை 10:11)
தம்பி?