ஜாமீன் கையெழுத்து போட்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

ஈரோட்டுக்காரன்:
கூட வேலை பார்த்தவரின் மைத்துனர் லேத் பட்டறை வைக்க வங்கியில் கடன் வாங்கினார். ஜாமீன் போட்டது நானும், ரிட்டயர்டான ஒரு அரசுப் பள்ளி ஹெட்மாஸ்டரும். இரண்டே வருஷத்தில் பட்டறை படுத்துவிட்டது. வங்கி வழக்குப் போட்டு சம்மன் வந்தபோது, "நான் பாத்துக்கறேண்ணே, நீங்க அலைய வேண்டாம்" என்றார் மைத்துனர். நம்பினேன். யாரும் ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டி டிகிரி, அதாவது எங்கள் தரப்பைக் கேட்காமலேயே தீர்ப்பு ஆனது. 30 நாளுக்குள் ரத்து மனு போட்டிருக்கலாம், அதையும் கோட்டை விட்டேன்.

தீர்ப்பு நகலில் 'பிரதிவாதிகள் 1 முதல் 3 வரை கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்று இருந்தது. சரி, மூன்றால் வகுத்து என் பங்கைக் கட்டிவிடலாம் என்று வக்கீலிடம் போனேன். சிரித்தார். "ஆளுக்கு ஒரு பங்குன்னு அர்த்தம் இல்ல சார். மூணு பேர்ல யார்கிட்ட வேணும்னாலும் முழுசையும் வாங்கலாம்."

முதலில் கடன் வாங்கியவனைத்தானே பிடிக்கணும் என்றேன். ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவைக் காட்டினார்: கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு. பீகார் வங்கி – தாமோதர் பிரசாத் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டதாம்.

அப்புறம் ஈ.பி. (தீர்ப்புப் பணத்தை வசூலிக்கும் நிறைவேற்று மனு) போட்டார்கள். கடன் வாங்கிய மைத்துனர் பேரில் ஒன்றுமில்லை. ஹெட்மாஸ்டரின் பென்ஷனை ஜப்தி செய்ய முடியாது. மிச்சம் என் சம்பளம். கணக்கில் எடுத்தது 31,000. முதல் 1,000-ஐயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் விட்டுவிட்டு மாதம் 10,000 பிடித்தார்கள். சம்பளச் சீட்டில் பி.எஃப்.புக்குக் கீழே 'கோர்ட் பிடித்தம்' என்று புது வரி. ஒரே டிகிரிக்கு 24 மாதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பதால் 2,40,000-உடன் நின்றது.

சேலத்துப் பொண்ணு:
எங்களுக்கு அதே 'கூட்டாகவும் தனித்தனியாகவும்'தான் கை கொடுத்தது. அப்பா போன பஸ்ஸும் ஒரு லாரியும் மோதின. தப்பு இரண்டு டிரைவர் மேலும். லாரிக்கு இன்சூரன்ஸே இல்லை. நஷ்டஈடு பாதிதான் கிடைக்குமோ என்று பயந்தோம். பஸ்ஸின் இன்சூரன்ஸ் கம்பெனியே முழுத் தொகையும் கட்டியது. லாரிக்காரரிடம் வசூலிப்பது அவர்கள் பாடு. 2015-இல் உச்ச நீதிமன்றமும் இப்படித் தீர்ப்பளித்திருப்பதாக வக்கீல் சொன்னார்.

கோர்ட் குமாஸ்தா:
ஈரோட்டுக்காரரே, இன்னொரு ஜாமீன்தாரர் மேல் பாதிக்கு வழக்குப் போடலாம், அதே ஒப்பந்தச் சட்டம் 146-வது பிரிவு. கடன் வாங்கினவர் மேல் முழுசுக்கும் போடலாம். மூணு வருஷம் தாண்டவிடாதீங்க.

ஈரோட்டுக்காரன்:
ஹெட்மாஸ்டர் மேல் தேவைப்படவில்லை. பிடித்தம் நடந்த 24 மாதமும் பென்ஷன் வந்த மறுநாள் 5,000-ஐக் கவரில் போட்டு வீட்டு வாசலில் நிற்பார், காபிகூடக் குடிக்க மாட்டார். கடன் வாங்கிய மைத்துனர் போன வாரம் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். மொய் வைப்பதா வேண்டாமா என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது.