நாளைக்கு ஒன்றாம் வகுப்பு

குழு: பெரிய வீடு

ஞாயிறு

நான், இரவு 8:12
நாளைக்குப் பள்ளி திறக்கிறது. டீச்சராக எனக்கு இதுதான் முதல் நாள், ஒன்றாம் வகுப்பு, 22 பிள்ளைகள். பயிற்சியில் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்து அட்டை, பாட்டு, கதை எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள், ஆனால் காலையில் உள்ளே போனதும் முதலில் என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. பெரியம்மா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தாத்தா, 8:15
முதல் நாளே கண்டிப்பைக் காட்டிவிடு பாப்பா. அடியாத மாடு படியாது. எங்கள் வாத்தியார் பிரம்போடுதான் உள்ளேயே வருவார்.

சின்ன மாமா, 8:17
அப்பா, பிரம்பைக் கையில் எடுக்கவே கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு. அடிக்கவும் கூடாது, மனம் நோகும்படி நடத்தவும் கூடாது.

பெரியம்மா, 8:24
சட்டம் இருக்கட்டும் தம்பி. அஞ்சு வயசுப் பிள்ளை வரும்போதே பயந்துதான் வருகிறது, நாம் வேறு எதற்குப் பயமுறுத்த வேண்டும்?
கண்ணு, முதலில் பெயர். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிட்டேன், ஒரு பையனிடமிருந்து மட்டும் பதிலே இல்லை. மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வரவில்லை என்று குறித்துவிட்டேன். மதியம் சாப்பாட்டுக்குத் தலையை எண்ணினால் ஒன்று கூடுதலாக வருகிறது. அவன் காலையிலிருந்து என் எதிரிலேயே, இரண்டாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் குட்டித்தம்பி என்றுதான் கூப்பிடுவார்களாம், நான் கூப்பிட்டது தன் பெயர் என்றே அவனுக்குத் தெரியாது. அரை நாள் அந்தப் பிள்ளையை இல்லாதவனாக வைத்திருந்தேனே என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

பெரியம்மா, 8:27
அதனால் நாளைக்கு மேசையில் போய் உட்காராதே, வாசலில் நில். கொண்டு வந்து விடுகிறவர்களிடம் இரண்டே கேள்வி கேள். வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள், ஒன்னுக்கு வந்தால் பிள்ளை என்ன சொல்லும். தனி நோட்டில் எழுதிக்கொள், பதிவேட்டில் கிறுக்கிவிடாதே. முதலில் வீட்டுப் பெயரால் கூப்பிடு, அப்புறம் இரண்டையும் சேர்த்துக் கூப்பிடு, ஒரு வாரத்தில் பள்ளிப் பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும்.

அண்ணி, 8:31
அந்த இரண்டாவது கேள்வியைக் கட்டாயம் கேள். போன வருஷம் நம் குட்டி முதல் நாளே டவுசரை நனைத்துக்கொண்டு வந்தான். டீச்சர் திட்டவெல்லாம் இல்லை, ஆனால் பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று யாருமே காட்டவில்லை, இவனுக்குக் கேட்கவும் தெரியவில்லை. அதற்கப்புறம் மூன்று நாள் யூனிஃபார்மைப் பார்த்தாலே அழுகை.

பெரியம்மா, 8:36
காலையில் நீ போனதும் பாத்ரூமைப் பார். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் பிள்ளைகளுக்கு எட்டுகிறதா, எட்டினாலும் உள்ளேயிருந்து திறக்க வருகிறதா. எல்லோரையும் வரிசையாகக் கூட்டிப்போய் ஒவ்வொருத்தரும் கையால் ஒரு தடவை திறந்து மூடட்டும். எழுத்து எங்கேயும் ஓடிவிடாது, நாளன்றைக்கு எழுதலாம்.

நான், 8:38
அழுகிற பிள்ளையை என்ன செய்வது? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

பெரியம்மா, 8:43
அம்மாவைச் சொல்லாமல் நழுவ விடாதே, அடுத்த நாள் பள்ளி வாசலிலேயே பிள்ளை உருளும். சாப்பாட்டு பெல் அடிக்கும், அப்புறம் கடைசி பெல் அடிக்கும், அப்போது வருவேன் என்று பிள்ளை முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகட்டும். மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு பெல் தெரியும். காலைச் சிற்றுண்டி உண்டுதானே? நீயும் கூடவே பாயில் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிடு. அந்தத் திட்டம் 2022இல்தான் வந்தது, என் காலத்தில் இருந்திருந்தால் பாதி அழுகை தட்டிலேயே நின்றிருக்கும்.

சின்ன மாமா, 8:50
ஒன்பதாம் வகுப்பிலும் ஏறக்குறைய இதுதான். நான் முதல் நாள் மார்க் கேட்பதில்லை, அப்பா என்ன வேலை என்று எழுப்பி நிறுத்திக் கேட்பதும் இல்லை, அந்தக் கேள்விக்கு எழுந்து நிற்க முடியாத பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. பாதித் தாள் கொடுத்து, கணக்கில் எந்த இடத்தில் தடுக்குகிறது என்று பெயர் போடாமல் எழுதச் சொல்வேன். ஒரு பிள்ளை "கழித்தலில் கடன் வாங்குவது" என்று எழுதியிருந்தது. ஒன்பதாம் வகுப்பு! இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறது. அந்த வாரம் எல்லோருக்கும் கழித்தலிலிருந்துதான் ஆரம்பித்தேன்.

தாத்தா, 9:05
எனக்கு முதல் நாள் மணலில் அ எழுத வைத்தார்கள். வாத்தியார் விரலைப் பிடித்து அழுத்திய அழுத்தில் சிவந்துபோய்விட்டது. ஒரு மாதம் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சரி பாப்பா, பெரியம்மா சொல்கிறபடி செய்.

அம்மா, 9:07
ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். போனை வைத்துவிட்டுப் படு.

திங்கள்

நான், மாலை 5:10
22 பேரில் 7 பேருக்கு வீட்டுப் பெயர் வேறு! தாழ்ப்பாள் எட்டவில்லை, ஹெச்.எம்மிடம் சொல்லிக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். இரண்டு பேர் அழுதார்கள். ஒருத்தி உப்புமா வந்ததும் நிறுத்திவிட்டாள். இன்னொருத்தன் கடைசி பெல் வரை என் முந்தானையை விடவே இல்லை, பெயர் கேட்டால் வாயே திறக்கவில்லை.

பெரியம்மா, 5:14
கேட்டுக் குடையாதே கண்ணு. நாளைக்கும் முந்தானையைக் கொடு.