மறு: செல் அட்ஹீஷன், ஒட்டுதலா பற்றுதலா?

அண்ணே, செல் ஒண்ணு இன்னொண்ணை புடிச்சுக்கிறதைத்தான் செல் அட்ஹீஷன்னு சொல்றாங்க, அதுக்கு தமிழ்ச்சொல்லா நீங்க ஒட்டுதல்னு போட்டிருந்தீங்க, எனக்கு அதுல ஒரு நெருடல். ஆஸ்பத்திரில ஒட்டுன்னா ஆபரேஷனுக்கு அப்புறம் குடலோட குடல் ஒட்டிக்கிறது. அதுவுமில்லாம ஆத்தங்குடி கல்லை சிமெண்ட்ல பதிச்சா அது ஒட்டு, எடுக்கணும்னா உளி வச்சு ஒடைக்கணும். வெள்ளணு அப்படியா? ரத்தக்குழாய் சுவர்ல இருக்குற செலக்டின்ங்கிற புரதம் மொதல்ல லேசா புடிச்சு வேகத்தை கொறைக்குது, உருண்டுக்கிட்டே வருது, அப்புறம் வெள்ளணு மேல இருக்குற இன்டக்ரின்ங்கிற புரதம் போய் சுவர்ல இருக்குற ஐகேம்-1ங்கிற புரதத்தை கெட்டியா புடிச்சாதான் நிக்குது, தேவைன்னா விட்டுட்டும் போகும். புடிச்சு விடுற சங்கதி, அதனால பற்றுதல்.

ஸ்டீராய்டுன்னு வந்தா இன்னும் பொருந்துது பாருங்க. காரைக்குடில எங்க ஆயாவுக்கு வீசிங்னு பிரட்னிசலோன்ங்கிற ஸ்டீராய்டு குடுத்தாங்க, மறுநாள் டெஸ்ட்ல வெள்ளணு 14000, வீடே இன்ஃபெக்‌ஷன்னு பயந்துருச்சு. பெரும்பாலும் நடக்குறது என்னன்னா, சுவரை பற்றியிருந்த நியூட்ரோஃபில் (வெள்ளணுல ஒரு வகை) கைய விட்டுட்டு ஓடுற ரத்தத்துக்கு வந்துரும், ஊசில எடுக்குறது ஓடுற ரத்தம்தானே (மஜ்ஜைல இருந்தும் கொஞ்சம் வரும்). பற்று-வரவு எழுதுன ஊருக்கு இதைச் சொல்லணுமா, ஒரு பேரேட்டுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தி எழுதுன கதை.

இந்த ஸ்டீராய்டு மாதிரி கார்டிசால் வகை ஹார்மோன் செல்லுக்குள்ள போய் அதோட ஏற்பியோட (அதை புடிச்சுக்கிற புரதம்) சேந்து, அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடுற என்.எஃப்.கப்பா-பிங்கிற புரதத்தை அடக்குது, அதனால சுவர் செல்லுங்க செலக்டின், ஐகேம் எல்லாம் வெளிய நீட்டுறது கொறையுது. எண்ணிக்கை ஏறும், ஆனா புண்ணு இருக்குற எடத்துக்கு ஆள் போகாது. ஈஸ்ட்ரோஜனும் ஐகேம் மாதிரியே இன்னொரு பற்றுற புரதமான விகேம்-1ஐ கொறைக்குதுன்னு செல் சோதனைல பாத்திருக்காங்க.

அதனால இந்த புடிக்கிற புரதங்களுக்கு பற்று மூலக்கூறு, சுவரை விட்டு ரத்தத்துக்கு வர்றதுக்கு பற்றுவிடல். சரியா?

———

தம்பி, பற்று மூலக்கூறு சரி, எழுதிக்கிட்டேன். பற்றுவிடல் வேண்டாம்ப்பா, நியூட்ரோஃபில் காவி கட்டிக்கிட்டு காசிக்கு கெளம்புன மாதிரி இருக்கு. சுவர்விலகல்னு வைப்போமா? எங்கேருந்து விலகுதுங்கறதும் அதுலயே வந்துருது. அப்புறம் செலக்டினை யாரும் தமிழ்ப்படுத்த வேண்டாம், போன தடவை இன்சுலினுக்கு பட்ட பாடு போதும். ஆயாவுக்கு இப்ப மூச்சு எப்படி இருக்கு?