புதுப்பிப்பு: பாக்கு மட்டைத் தட்டு ஆர்டர் நின்ற பிறகு

பாக்கு மட்டைத் தட்டிலுள்ள ஆல்கலாய்டுகள் (பாக்கு மரத்தில் இயற்கையாகவே இருக்கும், உடம்புக்குக் கெடுதல் செய்யக்கூடிய வேதிப்பொருட்கள்) உணவில் கலக்கலாம் என்று 2025 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்ததும் என் ஏற்றுமதி ஆர்டர்கள் நின்றுபோனதை எழுதி, மட்டையை அழுத்தித் தட்டாக்கும் பிரஸ் இயந்திரத்தை விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தேன்.

விற்கவில்லை, அதில் வடிவம் கொடுக்கும் அச்சான டையை மட்டும் மாற்றினேன். இப்போது நாற்றுத் தொட்டி, சோப்புப் பெட்டி அடிக்கிறோம். தட்டுக்கு ஊறவைத்த அளவு தொட்டிக்குப் போதவில்லை; ஆழமான மூலைகளில் மட்டை விரிசல் விட்டது. கூடுதலாக ஊறவைத்து, தடித்த மட்டையாகப் பொறுக்கி, மெதுவாக அழுத்தினால் தாங்குகிறது.

தட்டை வேறு நாட்டுக்கு அனுப்பச் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் சாப்பிடுகிறவர் உடம்பு சம்பந்தப்பட்டது. சந்தேகம் தீரும்வரை எனக்கு மனசு வராது.

வருமானம் பழைய அளவுக்கு இல்லை. சரி, வேலைக்கு வரும் அக்காக்கள் யாரையும் நிறுத்தவில்லை, அதுதான் எனக்குப் பெரிசு. அடுத்து நர்சரிக்காரர்களிடம் பேசப் போகிறேன்.