ஆவி பிடித்தும் அடங்காத தலைவலி: நீர்க்கோவையா, ஒற்றைத் தலைவலியா?

கேள்வி: முதுநகர் ஆசிரியை

கடலூர் முதுநகரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் புதுச்சேரிக்குச் சென்று பணிபுரியும் எனக்கு வயது 38. மூன்று ஆண்டுகளாக மாதத்தில் நான்கைந்து முறை நெற்றியின் இடப்பக்கம் விண்விண்ணென்று தெறித்து, கன்னம் வரை வலி இறங்குகிறது. வெயில் அடிக்கும் ஜன்னலோரம் அமர்ந்தாலோ, தலைக்குக் குளித்து ஈரம் உலராமல் கிளம்பினாலோ வந்துவிடும். அப்போது மூக்கில் நீர் வடிவதால் வீட்டில் நீர்க்கோவை என்கிறார்கள். வாந்தி எடுத்ததும் சற்றுத் தணிவதால் மாமியார் பித்தம் என்கிறார். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தும், சுக்குப் பற்று போட்டும் பார்த்துவிட்டேன். நான்கு மாதங்களாகவோ காலையில் எழும்போதே தலை கனக்கிறது. மாத்திரை போடாமல் வகுப்பில் நிற்க முடியவில்லை. சைனஸுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பதில்: வில்லியனூர் செவிலியர்

சகோதரி, நேரில் பார்க்கும் மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும் என்றாலும், நீங்கள் எழுதியவற்றில் பெரும்பாலானவை ஒற்றைத் தலைவலி எனப்படும் மைக்ரேனையே சுட்டுகின்றன. ஒருபக்கம் துடிப்பதும், படியேறினால் கூடுவதும், குமட்டலும், வெளிச்சமும் சத்தமும் ஆகாமல் போவதும் அதன் அடையாளங்கள். மருந்தின்றி விட்டால் 4 முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். முகத்தின் உணர்வைச் சுமக்கும் ட்ரைஜெமினல் நரம்பு அப்போது தூண்டப்படுவதால் கன்னம் வலிப்பதும் மூக்கு ஒழுகுவதும் மைக்ரேனிலேயே நிகழக்கூடும் என்பதால், பலருக்கு அது ஆண்டுக்கணக்கில் சைனஸ் என்ற பெயரிலேயே கழிந்துவிடுகிறது. உண்மையான சைனஸ் அழற்சியில் கெட்டியான மஞ்சள் சளி, மூக்கடைப்பு, மணம் தெரியாமை ஆகியவை சேர்ந்து வரும்.

தலையைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டியது போல இரு பக்கமும் அழுத்தி, ஆனால் வாந்தி இல்லாமல் வேலை செய்ய முடிந்தால், அது இறுக்கத் தலைவலி. கொத்துத் தலைவலி வேறு: ஒரு கண்ணைச் சுற்றி 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை குடைந்தெடுக்கும், அந்தக் கண் சிவந்து நீர் வடியும், படுக்க முடியாமல் அறைக்குள் உலாவ வைக்கும்.

என்னை உறுத்துவது அந்த நான்கு மாதக் கணக்குதான். மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள்?

முதுநகர் ஆசிரியை

கைப்பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். பத்து மாத்திரை கொண்ட அட்டைகள் இரண்டு காலியாகவும், மூன்றாவது பாதியாகவும் கிடக்கின்றன. எல்லாம் ஒரே மாதத்தில் வாங்கியவை. பின்புறம் பாராசிட்டமால், காஃபீன் என்று அச்சிட்டிருக்கிறது.

பதில்: திருப்பாதிரிப்புலியூர் மருந்தாளுநர்

ஆசிரியை அவர்களுக்கு, தினசரி வலிக்கு அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். தலைவலி உள்ளவர்கள் இப்படிப்பட்ட கூட்டு மருந்தை மாதத்துக்கு 10 நாள்களோ அதற்கு மேலோ, தனிப் பாராசிட்டமாலை 15 நாள்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் எடுத்தால் மருந்தே புதிய தலைவலியை உண்டாக்கும் என்பதை 2018ஆம் ஆண்டின் சர்வதேச தலைவலி வகைப்பாடும் வரையறுத்திருக்கிறது. இதைவிட வலுவான மாத்திரையைத் தயவுசெய்து கடையில் கேட்டு வாங்காதீர்கள். நிறுத்தும்போது முதலில் சில நாள்கள் வலி கூடும் என்பதால் மருத்துவரின் துணையோடு நிறுத்துங்கள். வலி வராமல் தடுக்கும் மருந்துகள் உண்டு; அவற்றுள் ப்ரொப்ரனோலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது, கருத்தரிக்கும் வாய்ப்புள்ளவர்கள் வால்ப்ரோயேட்டைத் தவிர்க்க வேண்டும் என்பதால் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இடி விழுந்தாற்போல நொடியில் உச்சத்தைத் தொடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், தலையில் அடிபட்ட பின் வரும் வலி ஆகியவற்றுக்கு ஒரு நாளும் காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் தலைவலியையும் தள்ளிப்போடக் கூடாது.

முதுநகர் ஆசிரியை

மிக்க நன்றி ஐயா. பால் கணக்கு எழுதும் காலண்டரில் வலி வந்த நாளையும் மாத்திரை போட்ட நாளையும் இன்றிலிருந்து தனித்தனியாகக் குறித்துக்கொண்டு, வரும் வாரமே நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். எனக்குச் சிறுவயதிலிருந்தே மார்கழிப் பனியில் மூச்சு இழுப்பு (ஆஸ்துமா) வருவதுண்டு. தலைவலிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று இதுவரை எந்த மருத்துவரிடமும் சொன்னதில்லை. அதை முதல் வரியில் எழுதி வைத்துவிட்டேன்.