ராக் பாட்டை டிஸ்கோவா மாத்தணும், தாளத்துல உதவி வேணும்

வணக்கம் நண்பர்களே. எங்க பேண்டுல ‘ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்’ பாட்டை ஆட வைக்கிற டிஸ்கோவா மாத்திட்டு இருக்கோம். தி அனிமல்ஸ்ங்கிற பிரிட்டிஷ் ராக் பேண்ட் 1964-ல வெளியிட்ட வடிவம்தான் அடிப்படை.

சிக்கல் தாளத்துல. அது 6/8, அதாவது ஒரு சுத்துக்கு ஆறு எண்ணிக்கை. டிஸ்கோன்னா 4/4, சுத்துக்கு நாலு பீட்; ஒவ்வொரு பீட்டுக்கும் கிக் (கால்ல அடிக்கிற பெரிய டிரம்) விழணும். டெம்போ 120 வச்சு, ரெண்டு கிக்குக்கு நடுவுல ஹை-ஹாட்டை (டிரம்ஸ்ல இருக்கிற ஜோடித் தட்டு) திறந்தா டிரம்ஸ் பிரமாதமா ஓடுது, பேஸும் ஆக்டேவ்ல துள்ளுது. ஆனா கிட்டார் ஆர்பெஜியோ (கார்டை ஒவ்வொரு நோட்டா மீட்டுறது) ஆறாறா உருண்டு வர்ற விஷயம். நாலுக்குள்ள அடைச்சதும் அந்தச் சோகம் காணாமப் போயிடுது. பாட்டோட உயிரே அதுதான், விட மனசில்ல.

ஆர்பெஜியோவை பதினாறாம் நோட்டுகளா (பீட்டுக்கு நாலு) உடைச்சு எழுதலாமா, இல்ல டிரிப்ளெட்டாவே (பீட்டுக்கு மூணு) கிக் மேல ஓட விடலாமா? ரெண்டாவதுல டிரம்ஸோட மோதுமோன்னு பயமா இருக்கு. ஏ மைனர், சி, டி, எஃப்னு ஏறுற கார்டுகளை மாத்துறதா இல்ல.

எழுபதுகள்லயே சாண்டா எஸ்மரால்டாங்கிற டிஸ்கோ குழு இந்தப் பாட்டை டிஸ்கோவா பண்ணியிருக்காங்க, கேட்டாச்சு. எங்களுக்கு ஆர்கன் சோலோவை ஸ்ட்ரிங்ஸ்ல கொண்டுவர ஆசை. ஸ்ட்ரிங்ஸ் அரேஞ்ச் பண்ணின அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க. டெமோ வேணும்னா அனுப்புறேன்.